ஜனநாயகம் ஏற்றுமதிச் சரக்கா?

1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி வாரம். 25-ஆம் நாள் இரவு மாஸ்கோவில் கோர்பச்சேவ் பதவி விலகினார். மறுநாள் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைக்கப்பட்டது. சர்வாதிகாரம் வீழ்ந்தது, மக்களாட்சி வென்றது, இனி உலகெங்கும் அதுவே வழி என்று மேலைநாட்டுத் தலைநகரங்கள் மகிழ்ந்தன. அதே 26-ஆம் நாள், வியாழக்கிழமை, மத்தியதரைக் கடலின் தென்கரையில் ஒரு முஸ்லிம் நாட்டின் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்துக் கொண்டிருந்தார்கள். விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின், பல கட்சிகளுள் தமக்கு விருப்பமானதைத் தேர்ந்து நாடாளுமன்றம் அமைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அன்றுதான் முதன்முறையாகக் கிட்டியிருந்தது. அந்த நாடு அல்ஜீரியா.

மாஸ்கோவைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அல்ஜியர்ஸைக் கண்டு மகிழவில்லை. ஏன் மகிழவில்லை என்று ஆராய்ந்தால், நம் காலத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படும் ஒரு வினாவுக்கு விடை தேடும் வழி புலப்படும். ஒரு நாடு மற்றொரு நாட்டில் மக்களாட்சியை வளர்க்க முற்படலாமா என்பதே அவ்வினா.

வினா புதிதன்று. 1917-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் தம் நாட்டை முதல் உலகப் போரில் இறக்கியபோது, மக்களாட்சிக்குப் பாதுகாப்பான உலகை உண்டாக்குவதே நோக்கம் என்றார். 1983-இல் பிறநாடுகளில் மக்களாட்சியை வளர்ப்பதற்கென்றே அமெரிக்க அரசின் நிதியில் ஓர் அறக்கட்டளை தோன்றியது. அதன் இருபதாம் ஆண்டு நிறைவு விழாவில், 2003 நவம்பரில், அதிபர் புஷ் உரையாற்றினார். மத்தியக் கிழக்கில் சுதந்திரம் இல்லாமையை அறுபது ஆண்டுகளாக நாங்கள் பொறுத்துக்கொண்டோம், அதனால் எங்களுக்கும் பாதுகாப்புக் கிட்டவில்லை என்ற கருத்தை அவ்வுரையில் வெளியிட்டார். அந்த ஒப்புதலில் உண்மை இருக்கிறது. ஆனால் ‘பொறுத்துக்கொண்டோம்’ என்ற சொல் போதுமானதா என்பதை அல்ஜீரியாவின் கதையே சொல்லட்டும்.

பறிக்கப்பட்ட வாக்கு

பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்து 1954 முதல் எட்டாண்டுக் காலம் குருதி சிந்திப் போராடி 1962-இல் விடுதலை பெற்ற நாடு அல்ஜீரியா. போராட்டத்தை நடத்திய தேசிய விடுதலை முன்னணியே பின்னர் ஒரே கட்சியாக ஆண்டது. ஆட்சியின் அச்சாணியோ இராணுவத்தின் கையில் இருந்தது. 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. வேலையில்லா இளைஞர் பெருகினர். 1988 அக்டோபரில் அவர்கள் தெருவில் இறங்கியபோது இராணுவம் சுட்டது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக 1989-இல் வந்த புதிய அரசியல் சட்டம் பல கட்சிகளுக்கு வழிவிட்டது. அவ்வாண்டிலேயே அப்பாஸி மதனீ, அலீ பெல்ஹாஜ் ஆகியோரின் தலைமையில் இஸ்லாமிய மீட்பு முன்னணி தோன்றியது.

1990 ஜூனில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அம்முன்னணி ஏறத்தாழ 43 இலட்சம் வாக்குகளைப் பெற்றுப் பெரும்பாலான நகராட்சிகளைக் கைப்பற்றியது. ஓராண்டில் அதன் தலைவர்கள் இருவரும் சிறைப்பட்டனர். இருப்பினும் டிசம்பர் 26-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் முதற் சுற்றிலேயே 188 இடங்களை அது வென்றது. ஆளும் கட்சிக்குக் கிட்டியவை இருபதுக்கும் குறைவு. மொத்த இடங்கள் 430. எஞ்சியவற்றுக்கு 1992 ஜனவரி 16-இல் இரண்டாம் சுற்று நடைபெறவேண்டும்.

நடைபெறவில்லை. ஜனவரி 11 அன்று அதிபர் ஷாத்லி பென்ஜதீத் பதவி விலகினார். விலக வைக்கப்பட்டார் என்பதே பொருத்தம். தேர்தல் கைவிடப்பட்டது. இராணுவத்தின் ஆதரவில் ஓர் உயர்மன்றம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. பிப்ரவரியில் நெருக்கடி நிலை வந்தது. மார்ச்சில் மீட்பு முன்னணி கலைக்கப்பட்டது. சஹாராப் பாலைவனத்தின் தடுப்பு முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர். மொராக்கோவிலிருந்து அழைத்து வரப்பட்டுத் தலைமைப் பதவியில் அமர்த்தப்பட்ட விடுதலைப் போராட்ட வீரர் முஹம்மது பூதியாஃப், ஆறு மாதம் கழியுமுன்னே, மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது தம் பாதுகாவலர் படையைச் சேர்ந்த ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இப்போது மேலைநாடுகள் என்ன செய்தன? பிரெஞ்சு அதிபர் மித்தெரான், நடந்தது இயல்புக்கு மாறானது என்ற அளவில் ஒரு வார்த்தை சொன்னார். அமெரிக்க வெளியுறவுத் துறை, எல்லாம் சட்டப்படியே நடந்திருப்பதுபோல் முதலில் பேசிப் பின்னர் தாங்கள் எப்பக்கமும் சாரவில்லை என்று திருத்திக்கொண்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் அத்துறையின் உயர் அலுவலர் எட்வர்ட் ஜெரெஜியன் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதை ஏற்கிறோம், ஆனால் அது ஒரே ஒரு முறைக்கான வாக்காகிவிடக் கூடாது என்பது அதன் கருத்து. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் 1994-இல் அளித்த நேர்காணலில் இன்னும் வெளிப்படையாகவே பேசினார். அல்ஜீரியாவில் தீவிரவாதிகளை ஒதுக்கிவைப்பதே எங்கள் கொள்கையாக இருந்தது, அது நாங்கள் பேசும் மக்களாட்சிக் கொள்கையோடு முழுதும் பொருந்தவில்லை என்பதையும் அறிந்தே இருந்தோம் என்று ஒப்புக்கொண்டார். அதே 1994-இல்தான் பன்னாட்டு நிதியம் அல்ஜீரிய அரசுக்குக் கடன் தந்தது. கடன் கொடுத்த நாடுகள் தவணைகளை ஒத்திவைத்துக் கைகொடுத்தன.

ஜெரெஜியன் வெளியிட்ட அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அலீ பெல்ஹாஜ் மேடைகளில் மக்களாட்சியை இறைமறுப்பு என்றே பேசியவர். வாக்குக் கேட்டு நிற்பவர் வாக்கையே பழித்தால் கேட்பவர் அஞ்சத்தான் செய்வர். நம்மவர்களின் நாவடக்கமின்மை நம் எதிரிகளுக்கு எத்தனை முறை வாள் எடுத்துக் கொடுத்திருக்கிறது!

எனினும் ஒரு கணக்கைப் பாருங்கள். 1990-இல் அம்முன்னணிக்குக் கிடைத்தவை 43 இலட்சம் வாக்குகள். 1991 டிசம்பரில் கிடைத்தவையோ ஏறத்தாழ 33 இலட்சமே. நகராட்சிகளில் ஒன்றரை ஆண்டு ஆண்டதைப் பார்த்த மக்களில் பத்து இலட்சம் பேர் விலகி நின்றிருக்கிறார்கள். அதாவது, வாக்குப்பெட்டி தன் திருத்தும் வேலையை ஓசையின்றித் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு தேர்தல்கள் நடந்திருந்தால் அம்முன்னணி பக்குவப்பட்டிருக்கலாம், தோற்றும் இருக்கலாம். இராணுவத்துக்கோ அதற்குப் பொறுமை இல்லை. வெளியில் இருந்து மக்களாட்சியை ஓதிக்கொண்டிருந்தவர்களுக்கும் இல்லை.

பின் நடந்ததை நினைக்கவும் நெஞ்சம் நடுங்குகிறது. வாக்குப்பெட்டி மூடப்பட்டதும் துப்பாக்கியை நம்பியவர்களின் குரல் ஓங்கியது. ஆயுதக் குழுக்கள் முளைத்தன. ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், இமாம்கள், வெளிநாட்டுத் துறவிகள் எனப் பலதரப்பட்டோர் கொல்லப்பட்டனர். 1997 ஆகஸ்டில் ராயிஸிலும் செப்டம்பரில் பென்தல்ஹாவிலும் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் பெண்களும் குழந்தைகளும் வெட்டிச் சாய்க்கப்பட்டனர். பாதுகாப்புப் படையினரால் அழைத்துச் செல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை. மொத்தத்தில் மாண்டவர்கள் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் என்பர்.

உஹுதுக்குப் பின் இறங்கிய கட்டளை

மக்கள் பிழையாகத் தேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் என் மனம் உஹுதுக் களத்துக்குச் செல்கிறது. மக்கத்துப் படை வருவதறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது நல்லது என்பது அவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் பங்குபெற இயலாதுபோன இளைஞர்களும் வேறு பலரும் வெளியே சென்று போரிடுவோம் என்று வற்புறுத்தினர். நபியவர்கள் அதை ஏற்றுக் கவசம் அணிந்து புறப்பட்டார்கள். அன்று எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். ஹம்ஸா (ரலி) அவர்களும் அவர்களுள் ஒருவர். நபியவர்களின் திருமுகமும் காயமுற்றது.

உலக வழக்குப்படி பார்த்தால், இனி இவர்களிடம் யோசனை கேட்பதில்லை என்று முடிவெடுக்க அதைவிடப் பொருத்தமான நேரம் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தப் போரைக் குறித்து இறங்கிய ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம் என்ன பணித்தது? அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரவும், காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்கவும் பணித்தது. வஹ்யு பெறும் நபிக்கே, கலந்தாலோசித்து எடுத்த முடிவு இழப்பில் முடிந்த பின்னரும், கலந்தாலோசனையைக் கைவிடாதீர் என்று கட்டளை! திருமறையின் 42-ஆம் அத்தியாயத்துக்கே ‘அஷ்ஷூரா’ என்று பெயர். ஷூராவும் இன்றைய வாக்குரிமை ஆட்சியும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளை மார்க்க அறிஞர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் முடிவு நமக்குப் பிடிக்காதபோதுதான் கலந்தாலோசனைக்குச் சோதனை வருகிறது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. அல்ஜீரியாவில் உள்நாட்டுத் தளபதிகளும் வெளிநாட்டு உபதேசிகளும் தோற்றது இச்சோதனையில்தான்.

எண்ணெயும் வாக்கும்

அல்ஜீரியாவில் மேலைநாடுகள் வாய்மூடி இருந்தன. ஈரானில் அவர்கள் கையையே நீட்டினார்கள். 1951-இல் நாடாளுமன்றத்தின் ஆதரவோடு பிரதமரான முஹம்மது முசத்திக், ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியிலிருந்த எண்ணெயை நாட்டுடைமையாக்கினார். 1953 ஆகஸ்ட் 19 அன்று அவருடைய ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்கள் சேர்ந்து தீட்டிய திட்டம் அது. களத்தில் இருந்து நடத்தியவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஒருவரின் பேரர் கெர்மிட் ரூஸ்வெல்ட். மறு ஆண்டே எண்ணெய்க்காக ஒரு கூட்டமைப்பு உண்டாகி, அதில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நூற்றுக்கு நாற்பது பங்கு சென்றது. முசத்திக் மூன்றாண்டு சிறையிலும் பின்னர் தம் கிராமத்தில் வீட்டுக் காவலிலும் இருந்து 1967-இல் மறைந்தார். தன் பங்கை விவரிக்கும் ஆவணங்களை அமெரிக்க உளவு நிறுவனம் வெளியிட்டது 2013-இல். கவிழ்ப்பு நடந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்! ஈரானியரின் நெஞ்சில் அமெரிக்கா மீது ஏன் இத்தனை வெறுப்பு என்று கேட்பவர்கள் 1979-இலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். ஈரானியர் 1953-இலிருந்து தொடங்குகிறார்கள்.

இராக்கில் நடந்தது இன்னொரு வகை. 2003 மார்ச்சில் படையெடுத்துச் சென்றவர்கள், பேரழிவு ஆயுதங்கள் கிடைக்காமற் போகவே, மக்களாட்சி தருவதற்காகவே வந்தோம் என்பதை உரத்துச் சொன்னார்கள். சதாமின் கொடுங்கோன்மையை நாம் மறைக்கவேண்டியதில்லை. குர்துகள் மீது நச்சுப்புகை வீசியவர் அவர். ஆனால் ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் மே மாதத்தில் பிறப்பித்த இரண்டு ஆணைகளால் பாத் கட்சியினர் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். இராணுவம் முழுவதும் கலைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஒரே வாரத்தில் வருவாய் இழந்தன. அவ்வீடுகளில் ஆயுதம் மட்டும் இருந்தது.

இதைவிட விந்தையான செய்தி ஒன்றுண்டு. புதிய அரசியல் சட்டத்தை எழுதுவோரைத் தாமே நியமிக்கலாம் என்பது முதலில் ஆக்கிரமிப்பாளரின் எண்ணமாக இருந்தது. நஜஃப் நகரின் மூத்த அறிஞர் ஆயத்துல்லாஹ் அலீ சிஸ்தானி 2003 ஜூனில் ஃபத்வா வெளியிட்டார். எழுதுவோரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும், எழுதியதையும் மக்களின் வாக்குக்கு விடவேண்டும் என்பது அதன் சாரம். நவம்பரில், மாகாணக் கூட்டங்களின் வழியே ஓர் அவையை அமைக்கும் திட்டத்தைப் பிரெமர் கொணர்ந்தார். சிஸ்தானி அதையும் ஏற்கவில்லை. 2004 ஜனவரியில் பஸ்ராவிலும் பக்தாதிலும் பல்லாயிரவர் தேர்தல் கேட்டு ஊர்வலம் சென்றனர். சிஸ்தானி ஷியாப் பிரிவைச் சேர்ந்தவர். அவர்களோடு நமக்குள்ள கருத்து வேறுபாடு யாவரும் அறிந்ததே. ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். வாக்குரிமை தர வந்தோம் என்றவர்கள் தயங்க, தலைப்பாகை அணிந்த ஒரு முதியவர் அன்றோ வாக்கைக் கேட்டு நின்றார்!

ஐக்கிய நாடுகள் சபையின் தூதராக வந்து நிலைமையை ஆராய்ந்தவர் லக்தர் பிராஹிமி. அவர் அல்ஜீரியர்; 1992-இல் அங்கே தேர்தல் கைவிடப்பட்டபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவர். காலம் மனிதர்களை எங்கெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறது! முடிவில் 2005 ஜனவரி 30-இல் இராக்கில் தேர்தல் நடந்தது. அதற்குள் உள்நாட்டுப் பூசல் வேரூன்றிவிட்டது. இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களின் உயிரை அப்போரும் அதன் தொடர்ச்சியும் குடித்தன.

அடுத்த ஆண்டே பலஸ்தீனில் தேர்தல் நடந்தது. தேர்தல் வேண்டும் என்று வற்புறுத்தியவர்களுள் அமெரிக்காவும் ஒன்று. 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்றது. தேர்தல் ஒழுங்காகவே நடந்தது என்று வெளிநாட்டுப் பார்வையாளர்கள் சான்றளித்தனர். உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

ஜெர்மனியும் ஜப்பானும் எப்படி?

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் வெளியார் நிறுவிய மக்களாட்சி நிலைத்ததே என்று சிலர் கேட்பர். அவ்விரு நாடுகளும் தாமே உலகப் போரைத் தொடங்கித் தோற்றவை. இரண்டிலும் போருக்கு முன்பே நாடாளுமன்றமும் கட்சிகளும் தேர்தல்களும் இருந்தன. புதைந்து கிடந்ததைத் தோண்டி எடுத்தார்கள். ஜப்பானின் அரசு அலுவலகங்கள் கலைக்கப்படவில்லை, பேரரசரும் நீக்கப்படவில்லை. பக்தாதை அவற்றோடு ஒப்பிடுவது பொருந்தாது.

அப்படியானால் அண்டை வீடு தீப்பற்றினாலும் நமக்கென்ன என்று இருப்பதா? அதுவும் மார்க்கம் கற்றுத்தந்த வழியன்று. அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபிமொழி விளக்குகிறது. இதற்கு என் கண்ணில் படும் நல்ல எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்கா. அங்கே இந்தியர்களின் நில உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தபோது, 1946-இல், இன்னும் முழு விடுதலை பெறாதிருந்த இந்தியா அந்நாட்டோடு வாணிகத்தை நிறுத்தியது. உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த நாடு இந்தியாதான். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழிவந்தோரும் அச்சட்டத்தால் வருந்தியோருள் அடங்குவர். 1977-இல் ஐக்கிய நாடுகள் சபை ஆயுத விற்பனையைத் தடைசெய்தது. 1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம், அதிபர் ரீகன் மறுத்தும் கேளாமல், பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. இத்தடைகளை வேண்டும் என்று கேட்டவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கத்தாரே. வெளிநாட்டுப் படை ஒன்றும் பிரிட்டோரியாவுக்குள் நுழையவில்லை. அரசியல் சட்டத்தை மண்டேலாவும் டி கிளார்க்கும் பிறரும் தம் நாட்டிலேயே அமர்ந்து பேசி உருவாக்கினர். உலகம் செய்தது, கொடுமை செய்தவனுக்குக் கொடுத்துவந்த துப்பாக்கியையும் பணத்தையும் நிறுத்தியது மட்டுமே.

ஒரு நாடு மற்றொரு நாட்டின் மக்களாட்சிக்குச் செய்யத்தக்கது இதுதான் என்பது என் கருத்து. கொடுங்கோலனுக்கு ஆயுதமும் கடனும் தராதிருத்தல். அடைக்கலம் தேடி வருபவனைத் திருப்பி அனுப்பாதிருத்தல். தேர்தலின் முடிவு கசந்தாலும் அதை மதித்தல். இவற்றுக்கு ஒரு விமானமும் பறக்க வேண்டுவதில்லை. ஆனால் ஆயுத வாணிகத்தில் வரும் ஆதாயம் குறையும். தயக்கம் அங்கேதான்.

மேலைநாடுகளை மட்டும் குறை கூறி நாம் நல்லவர் பட்டம் சூட்டிக்கொள்ளவும் இயலாது. 2013 ஜூலை 3 அன்று எகிப்தில், மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் முஹம்மது முர்ஸி இராணுவத்தால் வீழ்த்தப்பட்டார். அடுத்த மாதம் பாகிஸ்தான் தொலைக்காட்சி ஒன்றில் அமெரிக்க அமைச்சர் ஜான் கெர்ரி, இராணுவம் மக்களாட்சியை மீட்டுக்கொண்டிருக்கிறது என்ற பொருள்படப் பேசினார். அது ஒருபுறம். ஆனால் வீழ்த்திய சில நாட்களுக்குள் புதிய ஆட்சிக்கு 1,200 கோடி டாலர் அளிப்பதாக அறிவித்தவர்கள் யார்? சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத் ஆகிய முஸ்லிம் நாடுகள். ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபிஆ சதுக்கத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பின்னும் அந்த உதவி நிற்கவில்லை. எல்லாம் யூத, கிறிஸ்தவச் சதி என்று ஒரு வரியில் முடித்துவிடும் நம் மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கணக்கையும் சபையில் வைக்கவேண்டும். 1995 ஜனவரியில் அல்ஜீரியாவின் ஆளும் கட்சியாக இருந்த தேசிய விடுதலை முன்னணியும், சோஷலிசக் கட்சியாரும், மீட்பு முன்னணியும் ரோமாபுரியில் ஒரே மேசையில் அமர்ந்து, வன்முறையை விட்டுத் தேர்தலுக்குத் திரும்புவோம் என்று உடன்பாடு எழுதினார்கள். இடம் கொடுத்தது ஒரு கத்தோலிக்க அமைப்பு. அல்ஜீரிய அரசு அதை ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தது. ஒரு முஸ்லிம் தலைநகரமும் அந்த மேசையைப் போட முன்வராதது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

மீண்டும் அல்ஜியர்ஸ்

நெருக்கடி நிலை நீங்கியது 2011 பிப்ரவரியில். வந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின். 2019-இல், பக்கவாதத்தால் பேச இயலாது சக்கர நாற்காலியில் இருந்த அதிபர் பூத்தஃப்லீக்கா ஐந்தாம் முறையும் போட்டியிடுவார் என்று அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த வெள்ளியும் வந்தார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக இலட்சக்கணக்கில் வந்தும் பெரும்பாலும் அமைதியாகவே நடந்தார்கள். ஊர்வலம் முடிந்த பின் தெருக்களைத் தாங்களே பெருக்கினார்கள். ஏப்ரல் 2 அன்று அதிபர் பதவி விலகினார். எந்த நாடும் அவர்களுக்குப் படை அனுப்பவில்லை. பிரான்சும் அமெரிக்காவும் இதில் தலையிட வேண்டா என்று எழுதிய பதாகைகளையும் அவர்கள் ஏந்தியிருந்தார்கள்.

முழு வெற்றி கிட்டியது என்று சொல்ல முடியாது. இராணுவத்தின் பிடி தளரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் நடத்தப்பட்ட அதிபர் தேர்தலில் வாக்களித்தோர் பத்தில் நான்கு பங்கினரே. ஊர்வலங்கள் ஓராண்டுக்கு மேல் நீடித்து, 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது மக்களாலேயே நிறுத்தி வைக்கப்பட்டன.

அந்த வெள்ளிக்கிழமைகளில் நடந்தவர்களுள் சில முதிய தாய்மார்களும் இருந்தனர். தொண்ணூறுகளில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத தம் பிள்ளைகளின் புகைப்படங்களை அவர்கள் ஏந்தியிருந்தார்கள். படங்கள் மங்கிவிட்டன, அவற்றில் உள்ளவர்களுக்கு இன்னும் இருபது வயதுதான்.